வட சுமத்திராவின் ஊர்களும் தமிழர் திருப்பணியும்

இறைவன் திருமுன் கற்பூர ஒளி காட்டப்பெறும்போது அதனைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறோம். திருமஞ்சன நீரிலும் அடியார்க்கு வழங்கும் தீர்த்தத்திலும் பச்சைக் கற்பூரம் மணக்கிறது. சாம்பிராணிப் புகை கமழாத கோயில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலையில் அது கமழாத இல்லமும் அரிது. வழிபாட்டில் இத்துணைச் சிறப்புப் பெற்ற இப்பொருள்கள் எந்த நாட்டு மண்ணிலிருந்து நம் முன்னோர் கைக்கு வந்தன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? கற்பூர வகைகளுள் முற்காலத்தில் தலைசிறந்ததாக மதிக்கப்பெற்றதும், சாம்பிராணியில் உயர்ந்த வகையும் கடலுக்கு அப்பாலுள்ள ஒரே நாட்டிலிருந்து வந்தன. அந்நாடு சுமத்திராத் தீவின் வடபகுதியாகும். இன்று அது இந்தோனேசியக் குடியரசின் வட சுமத்திரா மாநிலம் என வழங்குகிறது.

அம்மாநிலத்தின் நகரங்களையும் சிற்றூர்களையும் ஒவ்வொன்றாகக் கருதிப் பார்ப்பின், தமிழர் வரலாற்றின் மூன்று அதிகாரங்கள் அங்கே எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். ஒன்று வேந்தர் படையால் ஆயது. மற்றொன்று வணிகர் மரக்கலத்தால் ஆயது. மூன்றாவது ஏழைத் தொழிலாளர் வியர்வையால் ஆயது. இம்மூன்றனுள் எது நிலைத்தது, ஏன் நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். திருப்பணிக்கு உதவிய அன்பர்கள் கையில் தவழும் இம்மலரில் இதனை ஆராய்வது பொருத்தமேயாம்.

நாட்டின் அமைப்பு

வட சுமத்திராவின் வடமேற்கே ஆச்சே நாடும், தெற்கே மேற்குச் சுமத்திரா, ரியாவு ஆகிய மாநிலங்களும் உள்ளன. கிழக்கே மலாக்கா நீரிணையும் மேற்கே இந்துமாக் கடலும் எல்லைகள். நடுவே புக்கிட் பாரிசான் என்னும் மலைத்தொடர் முதுகெலும்பு போல ஓடுகிறது. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் இம்மாநிலம் அமைக்கப்பெற்றது. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் மக்கள் இங்கு வாழ்கின்றனர். ஆட்சி முறையில் இது 25 மாவட்டங்களாகவும் 8 நகரங்களாகவும் வகுக்கப்பட்டுள்ளது. மேடான், பின்ஜாய், தெபிங் திங்கி, பெமாத்தாங் சியந்தார், தஞ்சோங் பாலாய், சிபோல்கா, பாடாங் சிடெம்புவான், நியாஸ் தீவிலுள்ள குனோங் சித்தோலி ஆகியனவே அவ்வெட்டு நகரங்கள்.

மாநிலத்தின் நடுவே தோபா ஏரி விளங்குகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் உடைய இந்நீர்ப்பரப்பு எரிமலையின் வாயில் தேங்கியதாகும். ஏறத்தாழ 74,000 ஆண்டுகட்கு முன் இங்கு நிகழ்ந்த பெருவெடிப்பின் சாம்பல் வங்கக் கடலைக் கடந்து பாரத நாட்டிலும் படிந்தது. ஆந்திர நாட்டு ஜ்வாலாபுரத்தில் நிலத்தை அகழ்ந்த ஆராய்ச்சியாளர் அச்சாம்பற் படுகையைக் கண்டுள்ளனர். ஆகவே, மனிதர் கலம் ஏறுவதற்கு மிக முன்னரே இரு நாட்டையும் காற்று இணைத்துவிட்டது எனலாம்.

கற்பூரத்துக்குப் பெயர் தந்த பாருஸ்

மேற்குக் கடற்கரையில், நடுத் தாப்பானூலி மாவட்டத்தில், பாருஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. இன்று அவ்வழிச் செல்வோர் மீன்பிடி படகுகளையும் சிறு கடைத்தெருவையும் காண்பர். ஆயினும் ஒரு காலத்தில் இவ்வூரின் பெயர் அரபு நாடு முதல் சீனம் வரை ஒலித்தது. அராபியர் இதனைப் பன்சூர் என்றனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராவில் தங்கிய மார்க்கோ போலோ, பன்சூர்க் கற்பூரம் தன் எடைக்கு எடை பொன் பெறும் என்று எழுதினார். இந்தோனேசியர் இன்றும் கற்பூரத்தைக் 'காப்பூர் பாருஸ்' என்றே வழங்குகின்றனர். நம் நாட்டிலும் இப்பெயர் அறியப்பட்டிருந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கிக் கூறுமிடத்து 'வாறோசு' என ஒரு வகையைக் குறிக்கின்றார். அஃது இப்பாருஸ் ஊரின் பெயரே என்பது அறிஞர் துணிபு.

பாருஸ் துறைமுகத்தின் பின்னே, மலைக்காடுகளில், கற்பூர மரம் வானளாவ வளரும். மரத்தின் உள்வயிரத்திலே உள்ள வெடிப்புகளில் வெண்ணிறப் பளிங்கு போலக் கற்பூரம் உறையும். எந்த மரத்தில் அஃது உள்ளது என்பதைப் புறத்தே நோக்கி எளிதில் அறிய இயலாது. பல மரங்களை வெட்டிப் பிளந்தாலும் ஒன்றிரண்டில் மட்டுமே கிடைக்கும். காட்டிற் புகுந்து அதனைத் தேடிக் கொணர்ந்தோர் பட்டாக்கு இனத்து மலைவாழ் மக்கள்; அதனைக் கடல்வழி கொண்டு சென்றோர் வணிகர். இன்று நாம் வாங்கும் கற்பூரத்திற் பெரும்பகுதி ஆலையிற் செய்யப்படுவது. ஆனால் அந்தப் பழங்காலத்தில் ஒரு சிட்டிகைப் பச்சைக் கற்பூரத்தின் பின்னே ஒரு மலைவாணரின் உழைப்பும் ஒரு மாலுமியின் உயிரும் பணயமாக இருந்தன.

சாம்பிராணியும் அவ்வாறே. தாப்பானூலி மலைநாட்டில் தாருத்தோங், டோலோக் சங்குல் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காடுகளில் 'கெமெஞான்' என்னும் மரம் வளர்கிறது. அதன் பட்டையைக் கீறி, ஊறிக் கசியும் பால் இறுகிய பின்னர்ச் சுரண்டி எடுப்பர். இத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து இன்றும் அங்கு நடைபெறுகிறது.

லோபு துவாவின் தமிழ்க் கல்

பாருஸுக்கு அண்மையில் லோபு துவா என்றொரு சிற்றூர் உண்டு. 'பழைய குடியிருப்பு' என்பது அப்பெயரின் பொருள். 1873-ஆம் ஆண்டு அங்கே எழுத்துப் பொறித்த கல்லொன்று கண்டறியப்பட்டது. அவ்வெழுத்துத் தமிழே என்பதை 1892-ஆம் ஆண்டில் சென்னைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் வெளியிட்டார். 1932-இல் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து, சுமத்திராவில் ஒரு தமிழ் வணிகக் குழு இருந்தமையை உலகறியச் செய்தார். பின்னர் அறிஞர் எ. சுப்பராயலு அதனை மீண்டும் படித்துப் பல சொற்களுக்குத் தெளிவு கண்டார்.

அக்கல்லின் காலம் சகம் 1010, அதாவது கி.பி. 1088. தமிழ்நாட்டில் முதற் குலோத்துங்க சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. கல்லைப் பொறித்தோர் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகப் பெருங்குழுவினர். ஐகொளெயில் தோன்றித் தென்னாடு முழுவதும் பரவி, நாடுகள் பலவற்றிலும் கிளைத்த இக்குழுவினர் ஐயபொழிற் பரமேசுவரியைத் தங்கள் குலதெய்வமாகக் கொண்டவர்கள். வாரோசு எனக் கல்வெட்டுக் குறிக்கும் இவ்வூரில் அவர்களுக்கெனப் 'பட்டினம்' ஒன்று இருந்தது. அங்கே அவர்கள் கூடித் தீர்மானம் செய்தனர். துறைக்கு வரும் மரக்கலத்தின் தலைவரும் பிறரும் கத்தூரியின் விலையைக் கணக்காகக் கொண்டு பொன்னால் ஒரு கட்டணம் செலுத்தவேண்டும் என்பதும், அதன் பின்னரே ஊருட் புகவேண்டும் என்பதும் அத்தீர்மானத்தின் கருத்தாகும்.

இதனை நாம் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். அரசன் ஆணையின்றி, படைத்துணையின்றி, தாயகத்திலிருந்து பல நாட் கடற்பயணத்துக்கு அப்பால் வாழ்ந்த வணிகர் தாமே கூடித் தமக்கு வரி விதித்துக்கொண்டனர். அதனைத் தம் தாய்மொழியிற் கல்லில் வெட்டினர். ஐந்நூற்றுவரின் இவ்வழக்கம் தமிழ்நாட்டிலும் நிலவியது. சிவகங்கைச் சீமையிலுள்ள பிரான்மலைக் கோயிலில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வணிகர் தாம் விற்கும் சரக்கு ஒவ்வொன்றின் மீதும் சிறு பங்கைப் 'பட்டணப் பகுடி' என ஒதுக்கிக் கோயில் திருப்பணிக்குக் கொடுத்தமையைக் கூறும். எவரும் வற்புறுத்தாமல் தம் வருவாயில் ஒரு பங்கைப் பொதுவுக்கெனப் பிரித்து வைக்கும் அறவுணர்வு அக்காலத்து வணிகரிடையே வேரூன்றியிருந்தது.

1995 முதல் பிரெஞ்சு நாட்டவரும் இந்தோனேசியரும் சேர்ந்து லோபு துவாவை அகழ்ந்தனர். 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய அக்குடியிருப்பு 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது என்பது தெரியவந்தது. சீனப் பீங்கானும், மேலைநாட்டுக் கண்ணாடியும், தென்னாட்டுக் கலத்தின் சில்லுகளும் மண்ணுள் கலந்து கிடந்தன. பட்டினம் மறைந்தது, கல் மட்டும் எஞ்சியது. பிற்காலத்தே, 16-ஆம் நூற்றாண்டில், மலாய் மொழியின் புகழ்பெற்ற ஞானக் கவிஞர் ஹம்சா பன்சூரி இவ்வூரின் பெயராலேயே அறியப்பட்டார் என்பது பாருஸின் மற்றொரு பெருமை.

பண்ணையும் பாடாங் லாவாஸும்

லோபு துவாக் கல்லுக்கு 60 ஆண்டுகட்கு முன்னரே சோழர் படை இக்கடலிற் சென்றது. கி.பி. 1025-ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராசேந்திர சோழன் ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது கடற்படை செலுத்தினான். அவன் படை தாக்கிய இடங்களைத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் உள்ள மெய்க்கீர்த்தி வரிசையாகக் கூறுகிறது. அவற்றுள் நீர்த்துறைகள் மிக்கதாகப் புகழப்பெறும் பண்ணை என்பது, வட சுமத்திராவின் கிழக்குக் கரையில் பானாய் ஆறு பாயும் நாடே என அறிஞர் பலர் கருதுகின்றனர். 1365-ஆம் ஆண்டில் சாவக நாட்டுப் புலவர் பிரபஞ்சர் இயற்றிய நாகரகிருதாகமம் என்னும் நூலும் சுமத்திரா ஊர்களின் வரிசையில் பானேயையும் பாருஸையும் கூறுகிறது.

அவ்வாற்றின் வழியே உள்நாட்டிற் சென்றால் பாடாங் லாவாஸ் என்னும் பரந்த புல்வெளி வரும். காற்று வீசும் அவ்வெளியில் செங்கற் கோயில்கள் சிதறி நிற்கின்றன. போர்த்திபி என்னும் ஊரருகே பாஹால் முதற் கோயில், இரண்டாம் கோயில், மூன்றாம் கோயில் என மூன்று உள்ளன. 'பியாரோ' என்று அங்குள்ளோர் இவற்றை அழைப்பர். 'விகாரம்' என்ற வடசொல்லே அவ்வாறு திரிந்தது. போர்த்திபி என்ற ஊர்ப்பெயரும் 'பிருதிவி' என்பதன் திரிபு எனக் கூறுவர். 11-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை இங்கே பௌத்தத்தின் வச்சிரயான நெறி சிறந்திருந்தது. அருகிலுள்ள குனோங் துவாவில் கிடைத்த உலோகநாதர் செம்புப் படிமம் 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதனை வார்த்த கைவினைஞனின் பெயர் சூரியன் என அதன் பீடத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னன் பெயர் மறைந்த நாட்டில் கம்மியன் பெயர் வாழ்கிறது.

இராசேந்திரன் கடற்படையெடுப்பை எண்ணித் தமிழர் பெருமிதம் கொள்வது இயல்பே. எனினும் வரலாற்றை உள்ளவாறு கூறுதலே நேர்மை. அப்படையெடுப்பு ஸ்ரீவிஜயத்தின் வலிமையைக் குலைத்தது. கடல்வழியைத் தமிழ் வணிகர்க்கு மேலும் திறந்தது. ஆனால் சோழர் அங்கே தங்கி நிலையான ஆட்சி அமைத்தமைக்கும், கோயில் எடுத்தமைக்கும் பண்ணையில் ஒரு கல்வெட்டும் கிடைத்திலது. படை சென்ற செய்தி தஞ்சையிற் கல்லாக உளது. சென்ற இடத்திலோ அதன் சுவடு இல்லை.

கோத்தா சீனாவின் படிமங்கள்

மேடான் நகரின் வடபால், கடலோரச் சதுப்பு நிலத்தை அடுத்து, கோத்தா சீனா என்னும் இடம் உளது. 'சீனர் நகரம்' என்பது இதன் பொருள். 1970-ஆம் ஆண்டுகளில் மக்கின்னன் என்னும் ஆராய்ச்சியாளர் இதனை உலகுக்கு அறிவித்தார். 12-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை இஃது ஒரு துறைமுகமாக விளங்கியது. சீனப் பீங்கானோடு திருமால், திருமகள், புத்தர் ஆகியோரின் கற்படிமங்களும் சிவலிங்கமும் இங்கே வெளிப்பட்டன. படிமங்களின் அமைப்பு சோழ நாட்டுச் சாயலை உடையது.

சைவமும் வைணவமும் பௌத்தமும் ஒரே துறைமுகத்தில் அருகருகே வழிபாடு பெற்றிருக்கின்றன என்பது கருதத்தக்கது. அயல்நாட்டிற் குடியேறிய வணிகர், தெருவுக்குத் தெரு வேற்றுமை பாராட்டாமல் தத்தம் தெய்வத்தை வணங்கினர். பின்னர் ஆற்று வாய் தூர்ந்து துறைமுகம் பயனிழந்தது, மக்கள் பிரிந்தனர், படிமங்கள் சேற்றிற் புதைந்தன. பூசித்தோர் மரபு அறுந்தமையால் அத்தெய்வத் திருவுருவங்கள் இன்று காட்சிப் பொருள்களாக நிற்கின்றன.

காரோ மலையில் சோழர், பாண்டியர் பெயர்கள்

மேடானிலிருந்து தெற்கே மலை ஏறினால் பெராஸ்தாகி, கபான்ஜாகே ஆகிய குளிர்ந்த ஊர்கள் வரும். இருபுறமும் சிபாயாக், சினாபுங் எனும் எரிமலைகள் காவல் நிற்கின்றன. பல நூற்றாண்டுகள் அடங்கியிருந்த சினாபுங் 2010-ஆம் ஆண்டில் விழித்தெழுந்தது. அதன் பின்னர் அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்புகளால் அடிவாரத்து ஊர்கள் பல குடிபெயர்ந்தன. இம்மலைநாட்டார் காரோ இனத்தவர். லிங்கா என்னும் ஊரில் எட்டுக் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ அமைத்த அவர்களுடைய பழைய மரவீடுகளைக் காணலாம்.

காரோ மக்கள் ஐந்து பெருங்குலங்களாகப் பிரிந்துள்ளனர். அவற்றுள் ஒன்று செம்பிரிங். 'கருநிறத்தார்' என்பது இச்சொல்லின் பொருள் என்பர். இக்குலத்தின் உட்பிரிவுகள் சிலவற்றின் பெயரைக் கேட்பின் நமக்கு வியப்பு உண்டாகும். சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிராமணா, கெலிங் என்பன அவை. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாள நாட்டுப் பெயர்களை இவை நினைவூட்டுகின்றன. கெலிங் என்பது தென்னிந்தியரை மலாய் உலகம் அழைத்த பழம்பெயர். பெயர் ஒற்றுமை ஒன்றே கொண்டு இக்குலத்தார் அனைவரும் தமிழர் வழியினர் எனத் துணிந்துவிடலாகாது. ஆயினும் கடற்கரைத் துறைகள் மங்கிய காலத்தே தென்னிந்திய வணிகரிற் சிலர் மலையேறி அம்மக்களோடு மணவுறவு கொண்டு கலந்திருத்தல் கூடும் என்ற கருத்துக்கு இப்பெயர்கள் வலிவூட்டுகின்றன. செம்பிரிங் குலத்திற் சில பிரிவினர், இறந்தாரை எரித்த சாம்பலைச் சிறு மரக்கலத்தில் வைத்து லாவு பியாங் ஆற்றிலே மிதக்கவிடும் சடங்கை முன்னர் நடத்தி வந்தனர். அச்சாம்பல் ஆற்றின் வழியே கடலைச் சென்று அடையும் என்பது கருத்து. கடல் கடந்து வந்த முன்னோரிடம் மீளச் செல்லும் வேட்கை அச்சடங்கில் ஒளிந்திருக்கிறதோ என எண்ணாதிருக்க முடியவில்லை.

தோபா ஏரிக் கரையிலும், அதன் நடுவே அமைந்த சாமோசிர் நிலப்பகுதியிலும் தோமோக், அம்பாரித்தா, சிமானிந்தோ முதலிய ஊர்கள் உள்ளன. ஏரியின் தென்கரையில் பாலிகே நகரம் உளது. தோபா பட்டாக்கு மக்கள் இன்று பெரும்பாலும் கிறித்தவர். எனினும் அவர்களுடைய பழைய நாட்கணக்கில் அர்த்தியா, சுமா, அங்காரா, மூடா, போராஸ்பதி, சிங்கோரா, சாமிசாரா என நாட்பெயர்கள் வரும். ஆதித்தன், சோமன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன், சனைச்சரன் என்னும் கிழமைப் பெயர்களே இவை. தெய்வத்தை அவர்கள் 'தெபாத்தா' என்பர். 'தேவதா' என்பதே அது. சமயம் மாறினும் சொல் மாறவில்லை.

மேடான் நகரமும் தொழிலாளர் கோயிலும்

இனி மாநிலத் தலைநகராகிய மேடானுக்கு வருவோம். டெலி, பாபுரா என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்தில் 1590-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் குரு பதிம்புஸ் என்பவர் இவ்வூரைத் தோற்றுவித்தார் எனக் கொண்டு நகரத்தார் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றனர். குரு பதிம்புஸ் மேலே கூறிய செம்பிரிங் குலத்தின் பெலாவிக் கிளையைச் சேர்ந்தவர் என்பது குறிக்கத்தக்கது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்நகரின் மக்கள் தொகை 24 இலட்சத்துக்கு மேற்பட்டது.

சிற்றூராக இருந்த மேடான் பெருநகரானது புகையிலையால். 1863-ஆம் ஆண்டில் நீன்ஹுயிஸ் என்னும் ஒல்லாந்தர் டெலி நாட்டில் புகையிலை பயிரிட்டார். சுருட்டின் மேற்சுற்றுக்கு ஏற்ற மெல்லிய டெலி இலை ஐரோப்பியச் சந்தையிற் பெரும் விலை பெற்றது. 1869-இல் டெலிக் குழுமம் நிறுவப்பெற்றது. காடழித்துத் தோட்டம் அமைக்க ஆள்கள் வேண்டப்பட்டனர். சீனரும் சாவகத்தாரும் வந்தனர்; பினாங்கு வழியாகத் தமிழரும் வந்தனர். தமிழருட் பெரும்பாலோர் சாலை போடவும், வாய்க்கால் வெட்டவும், மாட்டுவண்டி ஓட்டவும் அமர்த்தப்பட்டனர். தோட்டங்களுக்கு வழி திறந்தவை அவர்கள் கைகளே.

அவர்கள் பட்ட இன்னல் சிறிதன்று. 1880-இல் ஒல்லாந்த அரசு பிறப்பித்த கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாகக் கருதித் தண்டிக்கலாம். தோட்டத்தை விட்டு ஓடியவன் சிறைப்பட்டான். 1902-ஆம் ஆண்டில் மேடானில் வாழ்ந்த வழக்கறிஞர் வான் டென் பிராண்ட், டெலித் தோட்டங்களின் கொடுமைகளை ஒரு சிறு நூலில் எழுதி வெளியிட்ட பின்னரே ஒல்லாந்து நாட்டு மக்கள் அதிர்ந்தனர். அரசு ஆய்வு நடத்தியது. அத்தண்டனை முறை ஒழிய மேலும் பல்லாண்டுகள் சென்றன.

இத்தகைய வாழ்வினிடையே அத்தமிழர் செய்தது என்ன? அம்மைக்குக் கோயில் எடுத்தனர். 1884-ஆம் ஆண்டில் மேடானில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழுந்தது. பெருங்காற்றும் பெருமழையும் கொள்ளை நோயும் நிறைந்த அயல்நாட்டில், ஊரிற் கண்ட தாயே இங்கும் துணை என நம்பினர். நாட்கூலியிற் பிரித்த காசுகளே அக்கோயிலின் மூலதனமாக இருந்திருக்கும் என்பதை எவரும் எளிதில் உணரலாம். சுல்தானின் மைமூன் அரண்மனை 1888-இல் தொடங்கி 1891-இல் நிறைவெய்தியது. அரண்மனைக்குக் கால்கோள் நாட்டுவதற்கு நான்காண்டு முன்னரே வண்டியோட்டிகளின் அம்மன் அங்கு எழுந்தருளிவிட்டாள்.

கோயிலைச் சூழ்ந்து அமைந்த குடியிருப்புக் 'கம்போங் கெலிங்' எனப்பட்டது; அப்பெயர் இழிவாகக் கருதப்பட்டமையால் இப்போது 'கம்போங் மெட்ராஸ்' என வழங்குகிறது. நகரத்தார் எடுத்த முருகன் கோயிலும் மேடானில் உளது. தென்னிந்திய முசுலிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் அக்குடியிருப்பிலேயே இருக்கிறது. நகரின் மற்றொரு பகுதியில், தமிழ்க் கத்தோலிக்கரின் பக்தியை மையமாகக் கொண்டு, கோபுரம் போன்ற அமைப்புடன் வேளாங்கண்ணி அன்னை தேவாலயம் 2005-இல் அர்ச்சிக்கப்பெற்றது. பின்ஜாய் முதலிய அண்டை ஊர்களிலும், பழைய தோட்டப் பகுதிகளிலும் தமிழர் கோயில்கள் உள்ளன. தைப்பூசத்தில் காவடி எடுக்கின்றனர், தீபாவளி கொண்டாடுகின்றனர்.

1942-இல் சப்பானியர் வந்தனர். 1945-இல் இந்தோனேசியா விடுதலை முழங்கியது. தோட்டங்கள் கை மாறின. தாயகத்துக்குத் திரும்பியோர் பலர். எஞ்சியோர் அந்நாட்டின் குடிமக்களாயினர். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் இந்தோனேசிய மொழி கற்றனர். வீட்டிலும் அதுவே பெரும்பாலும் பேச்சாயிற்று. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இன்று அங்கே அருகிவிட்டனர். ஆயினும் அர்ச்சனைத் தட்டோடு அம்மன் முன் நிற்கும்போது அவர்கள் தம் மூதாதையர் நின்ற நிலையிலேயே நிற்கின்றனர். மொழியைக் காக்கும் கடைசிக் கோட்டையாகக் கோயில் அங்கு விளங்குகிறது.

இங்கே சொல் ஒன்று குறிக்கத்தக்கது. பாலித் தீவினர் தம் கோயிலைப் 'புரா' என்பர். தமிழர் கோயிலையோ இந்தோனேசிய மொழி 'குயில்' என்கிறது. நம் செவிக்குப் பறவையின் பெயர் போலத் தோன்றினும் அது 'கோயில்' என்னும் தமிழ்ச் சொல்லே. கப்பல் அங்கே 'காப்பால்', கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி'. கப்பலில் ஏறிப் பெட்டியோடு சென்று கடை வைத்துக் கோயில் எடுத்த ஓர் இனத்தின் வரலாறு இந்நான்கு சொற்களில் அடங்கிவிடுகிறது.

நிலைத்தது எது?

இப்போது முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை காணலாம். வேந்தன் படை பெரிது. அதன் புகழ் மெய்க்கீர்த்தியில் உளது. பண்ணையில் அதன் அடையாளம் யாதும் இல்லை. வணிகர் செல்வம் பெரிது; அவர்கள் விட்டுச் சென்றவை ஒரு கல்லும், சேற்றிற் புதைந்த சில படிமங்களும், மலைக்குலங்களின் பெயர்களுமேயாம். கூலித் தொழிலாளரோ படையும் இலர், பொருளும் இலர். ஆயினும் 140 ஆண்டுகட்கு மேலாக அவர்கள் ஏற்றிய விளக்கு மேடானில் அணையாது எரிகிறது.

இதற்குக் காரணம் என்ன? வந்து போனவர்களின் சின்னம் கல்லாய் நிற்கும். தங்கியவர்களின் சின்னமே உயிரோடு வாழும். வணிகர் துறைமுகம் தூர்ந்தவுடன் வேறு துறை நாடினர். தொழிலாளர்க்குப் போக்கிடம் இல்லை. ஆதலின் அவ்விடத்தையே ஊராகவும், தம்முட் கூடும் இடத்தையே கோயிலாகவும் ஆக்கிக்கொண்டனர். பிள்ளை பிறந்தபோதும், மணம் நிகழ்ந்தபோதும், இறந்தார்க்குக் கடன் செய்தபோதும் அக்கோயிலே அவர்களுக்கு உறவினர் இல்லமாயிற்று. கற்கோயில் எத்துணைப் பெரிதாயினும் நாள்தோறும் வந்து விளக்கேற்றும் கை ஒன்று இல்லையேல் அது கோத்தா சீனாவின் படிமம் போலாகும். ஓலைக் கொட்டகையே ஆயினும் வருவோர் உளராயின் அது வளர்ந்து கோபுரமாகும்.

கும்பாபிஷேகம் என்பது விமானத்தில் நீர் சொரிவதோடு முடிவதன்று. யாகசாலையில் மந்திரத்தால் எழுப்பிய இறைமை கும்பத்தினின்று கோயிலுக்குச் செல்வது போல, பெரியோர் உள்ளத்திலுள்ள பக்தி இளையோர் உள்ளத்துக்குச் செல்லவேண்டும். அதற்கு வேண்டுவது பெரும் பொருள் அன்று. திருப்பணிக்குப் பொன் ஈந்தாரும் செங்கல் சுமந்தாரும் தம் பிள்ளைகளைக் கைப்பிடித்துச் சந்நிதிக்கு அழைத்துவந்து, இது யார் கட்டியது, ஏன் கட்டினர் என்று அவர்க்குத் தாய்மொழியிற் சொல்லுதலே முதற்பணி. வாரோசுக் கல்லிலே தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்ட வணிகர் பொருளைப் பிரித்து வைத்தனர். மேடானில் வண்டியோட்டியோர் பொருளோடு தம் வாழ்வையும் அம்மையின் அடியில் வைத்தனர். இவ்விருவர் வழியிலும் நாம் கற்கவேண்டியன உள.

கடல் கடந்த ஊர்களில் விளக்கேற்றி நிற்கும் அன்பர்களுக்கும், இத்திருப்பணியில் உடலாலும் பொருளாலும் உதவிய மெய்யன்பர்களுக்கும் அன்னை பராசக்தியின் திருவருள் பெருகுக. கோயில்கள் ஓங்குக, அவற்றில் வந்து கூடும் குடிகள் தழைக்க.